என்னை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை

தியேட்டரில் கைதட்டல் அடங்கவே இல்லை. திரையில் கதாநாயகன், மலர் என்கிற பெண்ணின் கையைப் பிடித்துத் தன் நண்பனின் கையில் வைக்கிறான். மழை கொட்டுகிறது. வயலின் கதறுகிறது. "இவளை நல்லாப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டு, குடையில்லாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறான். பின்வரிசையில் விசில் பறந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார்.

நான் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் எண்ணெய்.

பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் தணிகாசலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமியாரை எடுத்துப்போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாயா, இதுக்குப் போயி அழுவற?" என்றேன்.

"நீ சொம்மா இரு சுகுணா. உனுக்குத் தெரியாததா?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தப் படத்தை எடுத்த டைரக்டர் எங்கள் சிநேகிதன் வரதன். கதாநாயகன் என்று அவன் காட்டியது தன்னையே. படத்தில் வரும் நண்பன் தணிகாசலம். மலர் நான். என் வீட்டுக்காரர் திரையில் பார்த்தது அத்தனையும் நடந்தது என்று நம்பிவிட்டார்.

இந்தத் தொடரில் டிசைன் தாள், சாயக்காரர்கள், கருட சேவைக் கூட்டத்தில் தொலைந்த செருப்பு என்று ஊர்க்கதை எழுதிக்கொண்டே வந்தேன். இதை மட்டும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஊரில் எல்லோரும் இந்தக் கதையைப் பேசியாயிற்று. என்னைத் தவிர.

ஒரு தறி, இரண்டு பேர்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புடவையின் உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறம் என்றால் அது கோர்வைப் புடவை. அதற்குக் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா மூன்று வேண்டும். ஓர் ஆளால் ஆகாது. வலது பக்கம் உட்கார்கிறவர் நெய்வார். இடது பக்கம் உட்கார்கிறவர் தன் பக்கத்துக் கரைக்கு நாடா போட்டு, கரை நூலையும் உடல் நூலையும் கோத்துக் கொடுப்பார். ஒருவர் கை இன்னொருவர் கைக்குப் பழகியிருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவருக்கும் அன்று வேலை கிடையாது.

தணிகாசலமும் வரதனும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதலாளியின் கொட்டகையில் அப்படி ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனார்கள், ஒன்றாகக் கணக்கில் ஃபெயில் ஆனார்கள், ஒன்றாகத் தறிக்குழியில் இறங்கினார்கள். வரதன் ஓயாமல் பேசுவான். முந்தின நாள் பார்த்த படத்தைச் சீன் சீனாக, பின்னணி இசையோடு, வாயாலேயே ஓட்டிக் காட்டுவான். தணிகாசலம் கேட்டுக்கொண்டே நெய்வார். நாள் முழுக்க அவர் வாயிலிருந்து பத்து வார்த்தை வந்தால் அதிகம். அதில் பாதி "அப்பால?" என்பதாக இருக்கும்.

என் அப்பா புடவைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து மயிலும் யாளியும் வரைவார். அவருக்குக் கண் மங்கியதும் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இன்று கம்ப்யூட்டரில் செய்கிறேன், அன்று பென்சில். தறியில் பூ சரியாக விழுகிறதா என்று பார்க்க வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கொட்டகைக்குப் போவேன். பூவில் ஏதாவது கோணலாக இருந்தால் அங்கேயே சண்டைதான். தப்பு என் தாளிலா, அவர்கள் கையிலா என்று நானும் வரதனும் தொண்டை கிழியக் கத்துவோம். தணிகாசலம் தாளை வாங்கி, விரலால் ஒவ்வொரு புள்ளியாக எண்ணிவிட்டு, என்னைப் பார்த்து, "உன்துதான்" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருக்கும். அந்த எரிச்சலில்தான் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று என்று நினைக்கிறேன்.

வரதன் எனக்கும் சிநேகிதன்தான். மூன்று பேரும் ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்றிருக்கிறோம். எனக்கு டைபாய்டு வந்தபோது தினமும் ஜன்னல் பக்கம் நின்று கதை சொல்லிவிட்டுப் போனவன் அவன். படத்தில் அதெல்லாம் இல்லை. அதில் சிநேகிதம் என்பது இரண்டு ஆண்களுக்கு நடுவில் மட்டும் இருக்கிற விஷயம்.

பதினொரு வசனம்

மலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளக்கரையில் விளக்கு ஏற்றுகிறாள். மழையில் நிற்கிறாள். கோயில் தூணுக்குப் பின்னாலிருந்து பாதி முகம் காட்டுகிறாள். இரண்டாம் முறை பார்த்தபோது எண்ணினேன். மொத்தம் பதினொரு வசனம், அதில் நான்கு வெறும் "ம்."

ஆமாம், இரண்டாம் முறையும் போனேன். தனியாக, மதியக் காட்சிக்கு. புண்ணைச் சொறியாமல் இருக்க முடியுமா?

படத்தில் மலர் கதாநாயகனைத்தான் காதலிக்கிறாள். தன் நண்பனும் அவளை மனதில் வைத்திருக்கிறான் என்று கதாநாயகனுக்குத் தெரிய வருகிறது. உடனே அவளைக் கூப்பிட்டு, "நீயே போய் அவன்கிட்ட கேளு, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு. எனக்காக" என்கிறான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கேட்கிறாள். அதன்பின் அவளுடைய கல்யாணப் புடவையைக் கதாநாயகன் தன்னந்தனியாக உட்கார்ந்து நெய்கிறான். அவன் கண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பட்டு நூலில் விழுகிறது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் தன் குணத்தைக் காட்டியது. நடுவரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"டேய், அந்தாண்ட கரைக்கு எவன்டா நாடா போடறான்?"

தியேட்டரே சிரித்தது. இன்னொரு குரல், "பாவுல தண்ணி வுடறான் பாரு. கறை பட்டா மொதலாளி மூஞ்சில வீசுவான்" என்றது. துக்கமான காட்சியில் இப்படிச் சிரித்தது எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். கோர்வைத் தறியில் ஒற்றை ஆளை உட்கார வைத்துப் படம் எடுத்திருக்கிறான், அதே தறியில் வருஷக்கணக்காக உட்கார்ந்த வரதன். கதாநாயகனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தால் சோகம் குறைந்துவிடும் என்று நினைத்திருப்பான்.

எனக்கு அந்தப் படத்தில் அந்த ஒரு நிமிடம்தான் சந்தோஷம். அந்தாண்டை கரைக்கு நாடா போட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

வாலாஜாபாத் பஸ்ஸில்

நடந்தது இதுதான்.

வாலாஜாபாத்தில் என் அத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கொண்டு ஏறினால், முன் சீட்டில் வரதன். அவனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. எனக்காக வந்து காத்திருந்தான் என்று அப்போதே தெரிந்தது. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் எழுந்து வந்து பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சுகுணா, உன்னக் கட்டிக்கணும்னு இருக்குது எனக்கு."

எப்போதும் நீட்டி முழக்குகிறவன் அன்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். எனக்கும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"வேணாம் வரதா. எனக்கு தணிகாவப் புடிச்சிருக்குது."

"தணிகாவா? அவன் வாயத் தொறந்து பேசவே மாட்டானே."

"நீ பேசறது போதாதா நம்ம மூணு பேருக்கும்?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. வெள்ளரிப்பிஞ்சு நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினான். நடுவழியில், அவன் இறங்க வேண்டிய இடமே இல்லாத ஒரு நிறுத்தத்தில் இறங்கும்போது, "நான் கேட்டேன்னு அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத. என் மானம் போய்டும்" என்றான்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் காப்பாற்றினேன். கல்யாணம் ஆகி ஒரு பெண்ணைப் பெற்று, அவள் படித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற வரைக்கும் காப்பாற்றினேன். நான் செய்த முட்டாள்தனங்களில் முதலிடம் அதற்குத்தான். நான் மூடி வைத்த இடத்தில்தான் வரதன் தன் கதையைக் கட்டிக்கொண்டான்.

நானே போய்க் கேட்டேன்

பஸ்ஸில் அப்படிச் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மறுவாரம் கொட்டகைக்குப் போனேன். வரதன் டீக்குப் போயிருந்தான். தணிகாசலம் அறுந்த இழை ஒன்றைப் பிணைத்துக்கொண்டிருந்தார். நூலுக்குப் போட்ட அரிசிக் கஞ்சி வாசனை. மற்ற தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் நான் கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

"தணிகா, உங்கம்மாவ எங்க வூட்டுக்கு வந்து பொண்ணு கேக்கச் சொல்லு."

"எந்தப் பொண்ண?"

"எங்க வூட்ல எத்தினி பொண்ணு இருக்குது?"

"நீ ஒருத்திதான்."

"அப்ப என்னத்தான்."

அவர் கையிலிருந்த நாடா தறிக்குழிக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் வெகுநேரம் மேலே வரவில்லை. நாடா தேடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. நிமிர்ந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன.

"நெசமாவா சொல்ற?"

"வேணும்னா எண்ணிப் பார்த்துக்கோ" என்றேன்.

எங்கள் தெருவில் பெண் போய்க் கேட்கிற வழக்கம் கிடையாது. இன்றைக்கும் அவ்வளவாக இல்லை. வாய்ச்சண்டைக்காரி என்று எனக்குப் பெயர், ஆனால் அன்று பயத்தில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி நடந்து போய்த் திரும்பி வந்தேன். என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல், யாரும் சொல்லாமல், நானாகச் செய்த காரியம் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான். எத்தனையோ கசப்பான நாட்களில் அதை எடுத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நாலு முழம்

இரண்டு வீட்டிலும் பேசி நாள் குறித்தாயிற்று. முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளையே நெய்கிறார் என்று தெருவெல்லாம் பேச்சு. அரக்கு உடல், பச்சைக் கரை. டிசைன் நான் போட்டது. தணிகாசலம் வலது பக்கம், வரதன் இடது பக்கம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், இன்னும் நாலு முழம் மீதியிருக்கும்போது, ஒருநாள் காலையில் வரதன் வரவில்லை. சென்னைக்குப் போய்விட்டான், சினிமாவில் சேர. யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

தணிகாசலம் மூன்று நாள் தறிக்குழியில் காலைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் அவரவர் தறி, அவரவர் அவசரம். நான்காம் நாள் நான் போய் இடது பக்கம் இறங்கி உட்கார்ந்தேன்.

"கல்யாணத்துக்கு முன்ன மாப்ள பக்கத்துல குந்திக்கினு நாடா போடற பொண்ண இந்தத் தெரு பார்த்திருக்குதாடி?" என்று என் அம்மா வாசலில் நின்று கத்தினாள். இப்போது பார்க்கட்டும் என்றேன்.

ஆறு நாள் ஆயிற்று. எனக்குத் தாளில் புள்ளி வைக்கத் தெரியும், கை பழகவில்லை. நான் கோத்த இடமெல்லாம் பச்சையும் அரக்கும் சரியாகச் சேராமல் நெளிந்துகொண்டு போயிற்று. அவர் திட்டவில்லை. நிறுத்துவார், என் விரலைப் பிடித்து நூலை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று காட்டுவார், மறுபடி தொடங்குவார். இரண்டாம் நாள் அவராகவே பேசத் தொடங்கினார். அவர் அப்பா, ஊர், சின்ன வயதில் தெப்பக்குளத்தில் விழுந்தது. வரதன் இல்லாததால் அவருக்குப் பேச இடம் கிடைத்தது என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எங்கள் காதல் கதை என்று ஏதாவது இருந்தால், அந்த ஆறு நாள்தான் அது. படத்தில் அது ஒரு ஆணின் கண்ணீராக மாறிவிட்டது.

வரதன் கல்யாணத்துக்கு வரவில்லை. மூன்று வருடம் கழித்து, உதவி இயக்குநராக, யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அவனும் இவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஏன் போனாய் என்று இவர் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறையாவது, எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, இவர் திடீரென்று, "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம் அவன்" என்பார். அந்த முள் இவருக்குள் அப்படியே இருந்தது.

டீக்கடையில்

படம் விட்டதும் எதிரிலிருந்த டீக்கடையில் நின்றோம். அவர் கண் இன்னும் வீங்கியிருந்தது. முகம் மட்டும் பல வருடத்துக்கு அப்புறம் தெளிந்திருந்தது.

"எனுக்கு இத்தினி வருசம் தெரியல பாரு. நம்மள அம்போன்னு வுட்டுட்டுப் பூட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன். எனுக்காவத்தான் போயிருக்கான்."

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நீ கொட்டாய்க்கு வந்து கேட்டியே, உங்கம்மாவ வரச் சொல்லுன்னு. அவன் சொல்லித்தானே வந்து கேட்ட?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நன்றியோடு கேட்டார். நானாகப் போய்க் கேட்ட அந்தக் காரியத்தை வரதனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் பெருந்தன்மையை நினைத்து உருகிக்கொண்டு நின்றார்.

"சினிமாய்யா அது" என்றேன்.

"தறியில தனியா குந்தற மாதிரி காட்னானே, அது சினிமா. அது எனுக்குத் தெரியாதா? மத்தது மனசுலேர்ந்து எடுத்திருக்கான்."

அன்றைக்கே பஸ் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். கொடுத்த வாக்கு தடுத்தது. கிளப்பிவிட்டவனே வந்து சரிசெய்யட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் பெங்களூரிலிருந்து மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அம்மா, அந்த மலர் நீயா? வரதன் மாமா பாவம்மா. ஸோ ஸ்வீட்."

வரதன் வந்தான்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரதன் சாப்பாட்டுக்கு வந்தான். வெற்றிப்பட டைரக்டர், தெருவே செல்ஃபி எடுத்துக்கொண்டது. தணிகாசலம் வாழை இலை வாங்கக் கடைக்குப் போனார். வரதன் பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். நான் குழாயை மூடினேன்.

"வரதா, பஸ்ல நான் உன்கிட்ட இன்னா சொன்னேன்?"

அவன் சோப்புக் கையோடு நின்றான். மறக்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"சுகுணா, அது ஸ்கிரிப்டுமா. பொண்ணு வேணாம்னு சொல்லிட்டா, அப்பால ஹீரோ இன்னா பண்ணுவான்? கதையே இல்ல. எந்தப் புரொடியூசரும் கேக்க மாட்டான்."

"நான் வேணாம்னு சொன்னது கதை இல்லியா?"

"உன்ன நான் எவ்ளோ டீசன்ட்டா காட்டியிருக்கேன். லேடீஸ் எல்லாம் அழறாங்க தெரியுமா?"

"எவ அழுதா எனக்கு இன்னா? அவரு நம்பிட்டாருடா. நீ சொல்லி நான் போய்க் கேட்டேன்னு நம்பிட்டாரு."

வரதனுக்கு இது தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்த மட்டில் அவனை நம்புகிறேன்.

"பஸ் விசயம் வேணாம், உன் மானத்த நீயே வச்சிக்கோ. அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லு. 'சுகுணா அவளாத்தான்டா வந்து உன்னக் கேட்டா, நான் சொல்லல'ன்னு. அவ்ளோதான். செய்வியா?"

"சொல்றேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

தணிகாசலம் இலைக்கட்டோடு உள்ளே வந்தார். கட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு வரதனைக் கட்டிக்கொண்டார்.

"எனுக்காவ எல்லாத்தையும் வுட்டுட்டுப் போனியேடா. ஒரு வார்த்த சொல்லலியேடா நீ!"

வரதன் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். நான் சோற்றுக் குண்டானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆவி முகத்தில் அடித்தது. அவன் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அன்று பஸ்ஸில் ஒரே வாக்கியத்தில் சொன்னவன்தானே, இன்றும் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன்.

வரதன் கண்ணை மூடிக்கொண்டு அவர் முதுகைத் தட்டினான்.

"வுட்றா. நமக்குள்ள இன்னாடா இதெல்லாம்."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வரதன் இரண்டாம் முறை ரசம் கேட்டான். ஊற்றினேன். அதன்பிறகு அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நானும் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான் என்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

சொல்லிவிட்டேன்

மறுநாள் காலை, அவர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். வாலாஜாபாத் பஸ், அவன் கேட்டது, நான் மறுத்தது, அவன் வாங்கிக்கொண்ட வாக்கு, குழாயடியில் பேசியது. வரிசையாக, ஒன்றையும் விடாமல். அவர் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டார்.

பீரோவைத் திறந்து முகூர்த்தப் புடவையை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். கோணல்மாணலான அந்த நாலு முழத்தை அவர் முன்னால் இழுத்துப் போட்டேன்.

"இத்தப் பாரு. நான் குந்தி நாடா போட்டனே, இதுவும் எவனாவது சொல்லியா?"

அவர் விரலை வைத்து அந்தக் கோர்வையைத் தடவினார். பச்சையும் அரக்கும் நெளிந்து சேருகிற இடத்தில் மெதுவாக, நுனி வரைக்கும் தடவிக்கொண்டு போனார். அந்த ஆறு நாள் அவருக்கும் ஞாபகம் வருகிறது என்று நான் நினைத்தேன்.

"அவன் குந்தியிருக்க வேண்டிய எடம்" என்றார்.

எனக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது. "அவன நான் வேணாம்னு சொன்னேன்யா! காது கேக்குதா? உன்னத்தான் புடிச்சிருந்தது. நானாத்தான் வந்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் நான் பார்த்திராத ஒரு பார்வை.

"வரதன் அப்போ எப்டி இருப்பான், நெனச்சிப் பாரு. ஆளு, பேச்சு, சிரிப்பு. அவன வேணாம்னுட்டு என்ன வந்து கேக்கறதா? எந்தப் பொண்ணு கேப்பா சுகுணா?"

"நான் கேட்டேன்."

அவர் புடவையை மடிப்புக் கெடாமல் மடித்து, என் கையில் கொடுத்து, என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"பரவால்லமா. என் மனசு நோவக்கூடாதுன்னு நீ இவ்ளோ சொல்ற பாரு. அதுவே எனுக்குப் போதும்."

நான் கையை உருவிக்கொண்டு சமையலறைக்குப் போய் அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அத்தனை பரிவாகப் பேசியது அன்றுதான். அன்றிலிருந்து அப்படியேதான் பேசுகிறார், இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கீறல் விழாமல் வைத்துக்கொள்கிறவர் மாதிரி. டிசைனில் ஒரு புள்ளி தப்பியிருந்தால்கூட இப்போதெல்லாம் என் தப்பு என்று சொல்வதில்லை. நான் எவ்வளவு கத்தினாலும், சரிம்மா, நீ சொன்னா சரிதான் என்கிறார்.